வார்டு எல்லையும் வாக்கின் எடையும்

பெருமும்பை மாநகராட்சி மன்றத்தின் 227 இடங்களுக்கும் 2026 ஜனவரி 15ஆம் தேதி தேர்தல் நடைபெற்றது. முந்தைய மன்றத்தின் பதவிக் காலம் 2022 மார்ச் 7ஆம் தேதியே முடிவடைந்திருந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டு பத்து மாத காலம், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இன்றி, மாநகராட்சி ஆணையரே நிர்வாகியாக இருந்து இம்மாநகரை நடத்தி வந்தார். 2025-26ஆம் ஆண்டுக்குரிய சுமார் 74,427 கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டமும் மன்றத்தின் விவாதம் இன்றியே செயலுக்கு வந்தது.

நகர்மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தேற வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243யு விதி. அவ்விதி இருந்தும் தாமதம் நேர்ந்ததற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. பிற பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு பற்றிய வழக்கு ஒன்று. உறுப்பினர் தொகையும் வார்டு எல்லையும் மாறி மாறித் திருத்தப்பட்டது மற்றொன்று. முதலாவது பரவலாகப் பேசப்பட்டது. இரண்டாவது வெறும் வரைபடப் பணி என்று கருதப்பட்டதால் பொதுமக்களின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. உண்மையில், ஒரு குடிமகனின் வாக்குக்கு எவ்வளவு எடை உண்டு என்பது அந்த வரைபடத்தில்தான் நிர்ணயமாகிறது.

இரு வகை வார்டுகள்

மும்பையில் 'வார்டு' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. நிர்வாக வசதிக்காக ஆங்கில எழுத்துக்களால் பெயரிடப்பட்ட பெரும் பிரிவுகள் ஒரு வகை. மாட்டுங்கா, சயான், வடாலா ஆகியவை எஃப் வடக்குப் பிரிவைச் சேர்ந்தவை. தாராவி, மாஹிம், தாதர் ஆகியவை ஜி வடக்குப் பிரிவில் அடங்கும். செம்பூர் எம் மேற்கிலும், கோவண்டியும் மான்குர்டும் எம் கிழக்கிலும் உள்ளன. குடிநீர், கழிவுநீர், குப்பை அகற்றுதல் போன்ற பணிகளுக்கு மக்கள் நாடுவது இப்பிரிவுகளின் அலுவலகங்களையே.

ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் சிறு தொகுதி மற்றொரு வகை. இவை எண்களால் குறிக்கப்படுகின்றன. வடகோடியில் தஹிசரில் 1 என்று தொடங்கும் வரிசை தென்கோடியில் கொலாபாவில் 227 என முடிகிறது. இக்கட்டுரை இனி வார்டு என்று குறிப்பிடுவது இவ்வகையையே.

தொகையின் வரலாறு

1872ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மன்றத்தில் உறுப்பினர் 64 பேர். அவர்களுள் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர்; எஞ்சியோரில் 16 பேரை அமைதி நீதிபதிகள் தேர்ந்தெடுக்க, 16 பேரை அரசு நியமித்தது. 1950லும் 1957லும் புறநகர்கள் மாநகரத்துடன் இணைக்கப்பட்டன. 1992 தேர்தலில் 221 இடங்கள் இருந்தன. 2002 தேர்தலில் அவை 227 ஆயின.

மொத்தம் 227 என்றே நீடித்தபோதிலும் அதன் பங்கீடு மாறியது. 2001 கணக்கெடுப்பில் தீவு நகரத்தின் மக்கள் தொகை 33,38,031. புறநகர் மாவட்டத்தின் தொகை 86,40,419. 2011ல் தீவு நகரம் 30,85,411 ஆகக் குறைந்தது. புறநகர் 93,56,962 ஆகப் பெருகியது. விகிதப்படி 63 இடங்களுக்கு உரியதாயிருந்த தீவு நகரம் 56 இடங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. 2017 தேர்தலுக்கு முன் நடந்த மறுவரையறையில் ஏழு இடங்கள் நகரத்திலிருந்து புறநகருக்குச் சென்றன. ஆலைகள் மூடப்பட்டு, வாடகை ஏறி, உழைப்பாளர் குடும்பங்கள் வடக்கே நகர்ந்ததன் பிரதிபலிப்பு இது. மக்கள் சென்ற இடத்திற்குப் பிரதிநிதித்துவமும் சென்றது. மறுவரையறையின் முறையான பயன் இதுவே.

பின்னத்தில் இருக்கும் அதிகாரம்

2011 கணக்குப்படி பெருமும்பையின் மக்கள் தொகை 1,24,42,373. இதனை 227 ஆல் வகுத்தால் வார்டு ஒன்றுக்குச் சராசரி 54,812 பேர். நடைமுறையில் பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். எனவே வார்டின் மக்கள் தொகை 49,331 முதல் 60,293 வரை அமையலாம். மிகச் சிறிய வார்டைவிட மிகப் பெரிய வார்டில் 22 சதவீதம் அதிகமான மக்கள் இருப்பதற்கு இது இடமளிக்கிறது.

தமிழர் கணிசமாக வாழும் பிரிவுகளில் இச்சலுகை எவ்வாறு செயற்படக்கூடும் என்று பார்ப்போம். எஃப் வடக்கின் மக்கள் தொகை 5,29,034. சராசரிப்படி அதற்குரிய இடங்கள் 9.65. ஜி வடக்கின் தொகை 5,99,039, உரியவை 10.93. எம் மேற்கின் தொகை 4,11,893, உரியவை 7.51. எம் கிழக்கின் தொகை 8,07,720, உரியவை 14.74. ஆனால் உறுப்பினரைப் பின்னமாக வழங்க இயலாது. எம் மேற்குக்கு ஏழு இடம் அளித்தால் வார்டுச் சராசரி 58,842. எட்டு அளித்தால் 51,487. இரண்டுமே அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அடங்கும். நான்கு பிரிவுகளிலும் பின்னத்தைத் தள்ளிவிட்டால் மொத்தம் 40 இடங்கள். அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தினால் 44. இரண்டும் பத்து சதவீத வரம்பை மீறவில்லை. ஆகவே கணக்கு முடிந்த இடத்தில் முடிவெடுப்பவரின் விருப்புரிமை தொடங்குகிறது எனலாம்.

கோடு வரையும் முறை

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது சில நூறு பேர் கொண்ட சிறு சிறு கணக்கெடுப்புப் பகுதிகள் வகுக்கப்படுகின்றன. இவற்றை உடைக்காமல் ஒன்றுசேர்த்து வார்டு அமைக்கப்படும். சாலை, இருப்புப் பாதை, ஆறு, நாலா ஆகியவை எல்லைகளாக அமைதல் வேண்டும். ஒரே குடியிருப்பு, குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் குடியிருப்பு, கூடியவரை பிளவுபடலாகாது.

திறந்த நிலங்களும் அகன்ற சாலைகளும் உள்ள பகுதிகளில் இவ்விதிகளைப் பின்பற்றுவது எளிது. தாராவியில் நிலைமை வேறு. அங்கு 90 அடிச் சாலை, 60 அடிச் சாலை போன்ற சில பெருவழிகளைத் தவிர மற்றவை சந்துகள். சந்தின் இருபுறமும் ஒரே குழாய், ஒரே பொதுக் கழிப்பறை, ஒரே பேச்சுமொழி; நடுவே எல்லை சென்றால் பழுதடைந்த சாக்கடைக்கு இரு உறுப்பினர்களும் பொறுப்பேற்க மறுக்கும் நிலை ஏற்படலாம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி போன்ற பொதுத் தேவைக்குக் குரல் எழுப்பக்கூடிய மக்கள் இரண்டு மூன்று வார்டுகளில் சிதறினால், எந்த வார்டிலும் அவர்கள் பொருட்படுத்தத் தக்க தொகையாக இருக்கமாட்டார்கள். மாறாக, ஒரு பிரிவினரையே ஒரு வார்டில் அடைத்து அண்டை வார்டுகளில் அவர்களது செல்வாக்கைக் குறைப்பதும் இயலும். ஆகவே ஒருமைப்பாட்டை விதிப்படி காப்பது வேறு, கணக்குப் போட்டுப் பயன்படுத்துவது வேறு.

227, 236, மீண்டும் 227

2021 நவம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை உறுப்பினர் தொகையை 236 ஆக உயர்த்த முடிவு செய்தது. 2001க்கும் 2011க்கும் இடையே மக்கள் தொகை 3.87 சதவீதம் பெருகியது என்பது இதற்குக் காட்டிய காரணம். 227ஐ அவ்விகிதத்தில் பெருக்கினால் 236 வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் கூடுதலான ஒன்பது இடங்கள் தீவு நகரம், கிழக்குப் புறநகர், மேற்குப் புறநகர் ஆகிய மூன்றுக்கும் தலா மூன்றாகப் பகிரப்பட்டன. மக்கள் தொகை குறைந்த தீவு நகரமும் பெருகிய புறநகரும் சமமாகப் பெற்றன.

2022 மார்ச்சில் எல்லை வரையும் அதிகாரத்தை மாநிலத் தேர்தல் ஆணையத்திடமிருந்து அரசு தன்வசம் எடுத்துக்கொள்ளும் சட்டத் திருத்தம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆட்சி மாறிய பின், உறுப்பினர் தொகை மீண்டும் 227 ஆக்கப்பட்டது. இதனை எதிர்த்த மனுவை மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. தேர்தல்களை நடத்துமாறு உச்ச நீதிமன்றம் 2025 மே 6ஆம் தேதி ஆணையிட்ட பிறகே பணி வேகம் பெற்றது. ஆகஸ்ட் 22ஆம் தேதி வரைவு எல்லைகள் வெளியாயின; ஆட்சேபணை தெரிவிக்கச் சுமார் இரு வாரமே அவகாசம் இருந்தது; அக்டோபரில் எல்லைகள் இறுதியாயின. நவம்பர் 11ஆம் தேதி இட ஒதுக்கீட்டுக் குலுக்கல் நடந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 2, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 61 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அனைத்துப் பிரிவுகளிலுமாகப் பெண்களுக்கு 114 இடங்கள் கிடைத்தன.

ஒதுக்கீடும் எல்லையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தாழ்த்தப்பட்டோர் விகிதம் மிகுந்த வார்டுகளே அவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒரு குடியிருப்பை இரு வார்டுகளாகப் பிரித்தால் விகிதம் குறைந்து அப்பகுதி ஒதுக்கீட்டை இழக்கக்கூடும். ஒரு கோட்டின் இடமாற்றம் ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவத்தையே மாற்றிவிடும் என்பது இதனால் விளங்கும்.

பழைய கணக்கு, புதிய மக்கள்

2026ல் நடந்த தேர்தலுக்கு அடிப்படை 2011ஆம் ஆண்டுக் கணக்கு. 2021ல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை; அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இடைப்பட்ட காலத்தில் மக்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் செம்பூரை அடுத்த மாஹுலில் குடியமர்த்தப்பட்டன. எம் மேற்கின் 4,11,893 என்னும் எண்ணில் 2011க்குப் பின் வந்தவர்கள் இல்லை. தாராவிச் சீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கு அங்கேயே வீடு. பிற்பட்டு வந்தோரும் மேல்தளத்தில் வசிப்போரும் தாராவிக்கு வெளியே செல்ல வேண்டும். அவர்கள் சென்று சேரும் வார்டுகளில் குழாய், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றின் தேவை உடனே பெருகும். உறுப்பினர் தொகை அடுத்த மறுவரையறைக்குப் பிறகே பெருகும்.

செய்ய வேண்டுவன

இங்கிலாந்தில் உள்ளாட்சி எல்லைகளை ஆராயும் தனி ஆணையம், ஐந்து ஆண்டுக்குப் பின் வாக்காளர் தொகை எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீட்டையும் கருத்திற் கொள்கிறது. கேரளத்தில் மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராகக் கொண்ட வரையறைக் குழு இப்பணியைச் செய்கிறது. மும்பைக்கும் இவை பொருந்தாதவை அல்ல.

முதலாவதாக, உறுப்பினர் தொகையை மக்கள் தொகையுடன் பிணைத்து, ஒரு கணக்கெடுப்புக்கு ஒரு முறை மட்டுமே மாற்றலாம் என்று சட்டம் வரையறுக்க வேண்டும். இரண்டாவதாக, பதவிக் காலம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே எல்லைகள் இறுதியாதல் வேண்டும். மூன்றாவதாக, பின்னத்தை எம்முறையில் முழு எண்ணாக்குவது என்ற விதி முன்கூட்டியே வெளியாக வேண்டும். நான்காவதாக, வரைவு வரைபடங்களைத் தெருப்பெயர்களுடன், அந்தந்தப் பகுதி மக்கள் படிக்கும் மொழிகளிலும் ஒட்டி, போதிய கால அவகாசம் தருதல் வேண்டும். பெருந்தொகையாக மக்களை இடம்பெயர்க்கும் திட்டங்களின் விவரம் வரைவுக் குழுவின் மேசைக்கு வந்தாக வேண்டும் என்பது ஐந்தாவது.

2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியானதும் மும்பையின் வார்டுகள் மீண்டும் வரையப்படும். தீவு நகரத்தின் பங்கு மேலும் குறையக்கூடும். அப்போது யாருக்கு எத்தனை இடம் என்ற வாதம் எழுவது இயல்பே. அதற்கான விதிகள் வாதத்திற்கு முன்பே வகுக்கப்பட்டிருக்குமாயின், மாட்டுங்காவின் வாக்கும் தாராவியின் வாக்கும் செம்பூரின் வாக்கும் ஒரே தராசில் நிறுக்கப்படும். மன்றமும் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்காது.