காசநோய்க்கு ஒரு செல், குடல்புழுவுக்கு வேறு செல்: உடம்பு எப்படி முடிவு செய்கிறது?

தண்டையார்பேட்டை கூட்ஸ் யார்டில் ஒரு வேகன் உருண்டு வருகிறது. பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தத் தடத்தில்தான் போகும். உங்கள் ரத்தத்தில் சுற்றும், நோய் எதிர்ப்புக்கு உதவும், இன்னும் எந்த வகை என்று முடிவாகாத புதிய ‘உதவி டி செல்’லும் அப்படித்தான்.

ராயபுரத்தில் நெரிசலான பஸ்ஸில் யாரோ இருமி, காசநோய்க் கிருமி உங்கள் நுரையீரலுக்குள் போய்விட்டது என்று வையுங்கள். கிருமியை விழுங்கிய செல்கள் ஒரு வேதிச் செய்தி அனுப்பும். டி செல் முதல் வகையாக மாறும். குடலில் புழு என்றால் செய்தி வேறு, இரண்டாம் வகை. மாஸ்மனும் காஃப்மனும் 1986-இல் எலி செல்களில் இந்த இரு வகைகளையும் பிரித்துக் காட்டினார்கள்.

இரண்டு செய்தியும் சேர்ந்து வந்தால்?

செல்லுக்குள் இரு புரதங்கள்: முதல் வகைக்கு டி-பெட், இரண்டாம் வகைக்கு காட்டா-3. ஒன்று ஓங்கினால் மற்றதை அமுக்கும், தன்னையே வளர்த்துக்கொள்ளும். தொடக்கத்தில் துளி வித்தியாசம் போதும், பாயிண்ட் ஒரு பக்கம் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

இந்த முடிவைக் கணினி மாதிரியிலும் ஓட்டிப் பார்க்கலாம். கணினிக்குக் கொடுப்பதும் இதைத்தான்: எது எதைத் தூண்டும், எது எதை அடக்கும். எனக்குப் பெரிய வியப்பு என்னவென்றால், மாதிரியை எந்த நிலையிலிருந்து ஓட்டத் தொடங்கினாலும் கடைசியில் சில நிலைகளில்தான் போய் நிற்கிறது. ஆய்வகத்தில் கண்ட அதே செல்வகைகள்!

இரு புரதங்களையும் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கும் செல்களும் உண்டு. மாதிரியில் அவற்றைப் பிடிக்க, ஒரு புரதம் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் பார்க்கும் விதி போதாது; ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.