முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பாடம்!

42.195 கி.மீ. மாரத்தான் ஓடணும்னு ஆசை இருக்கா? முதல்ல என் கதையைக் கேளுங்க!

காஞ்சிபுரம் ராஜ வீதிகளில் ஓடிப் பழகின தைரியத்தில், போன ஜனவரியில் சென்னை மாரத்தானில் இறங்கினேன். முதல் பத்து கி.மீ. பின்னிட்டேன்! முப்பத்திரண்டாவதில் கால் ரெண்டும் ஸ்டிரைக். மீதியெல்லாம் நடைதான். வெட்கத்தில், கிடைச்ச மெடலைப் பையிலேயே ஒளிச்சு வெச்சேன்.

காரணம் சிம்பிள். தசையிலும் கல்லீரலிலும் சேமிச்சிருக்கிற கிளைகோஜன், ஆரம்பத்திலேயே எகிறினா 30 கி.மீ. வாக்கில் காலி. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் முதல் ஆளா மைதானத்துக்குள் வந்த இத்தாலியின் டொராண்டோ பியெட்ரியே பலமுறை சுருண்டு விழுந்தார். மத்தவங்க தூக்கிவிட்டதால் தங்கமும் போச்சு. நாமெல்லாம் எம்மாத்திரம்?

மெடலைப் பார்த்துட்ட அப்பா, தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "பாவை வெடுக்குனு இழுத்தா இழை அறுந்துடும்டா. உடம்பும் அப்படித்தான்."

அடுத்த ஜனவரிக்கு பிளான் ரெடி. வாரம் ஒரு நீண்ட ஓட்டம், 18 கி.மீட்டரில் தொடங்கி மெள்ள மெள்ள 32 வரை. பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும். நடுவில் தண்ணி, வாழைப்பழம். செமஸ்டர் சமயத்தில் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

ஞாயிறு காலை நாலரைக்கு கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் நிற்பேன். வர்றீங்களா?