வால் விசிறி எந்தப் பக்கம்?

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாரந்தோறும் நடைபெறும் பருத்தி ஏலத்தை ஒருமுறையேனும் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு சங்கதி விளங்கியிருக்கும். அங்கே வருகிற வியாபாரி எவரும் பருத்தி என்று பொதுவாக ஒரு பொருளுக்கு விலை சொல்லுவதில்லை. இன்ன விவசாயி கொண்டுவந்த இன்ன குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, இழையை இழுத்துப் பார்த்து, ஈரத்தை விரலால் உணர்ந்து, தூசியைக் கண்ணால் நிதானித்து, அந்தக் குவியலுக்கு மாத்திரமே விலை வைக்கிறார். பக்கத்தில் கிடப்பதும் பருத்திதான். ஆனால் அதன் விலை வேறு. இந்தச் சாதாரண வழக்கம், ராணுவ ஹெலிகாப்டர்களைப் பிளாஸ்டிக்கில் சிறு உருவங்களாகச் செய்து பார்க்கும் ஒரு பொழுதுபோக்குக் கலைக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடையில் அதே ஊரில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில்தான் நான் அறிந்துகொண்டேன்.

அக்காள் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறான். சனிக்கிழமை இரவு தாராபுரம் வழியாக ஊர் வந்து சேர்ந்தானானால், மறுநாள் முழுவதும் திண்ணையில் ஒரு பழைய துணியை விரித்து, அதன்மேல் கத்தி, உப்புத்தாள், சின்னஞ்சிறு தூரிகைகள், பசைப் புட்டி ஆகியவற்றைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கடையில் விற்கிற பெட்டியைத் திறந்தால் உள்ளே ஹெலிகாப்டர் இராது. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில், காம்பில் தொங்கும் காய்களைப்போல, நூற்றுக்கணக்கான உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, பிசிறு நீக்கி, ஒட்டி, இடைவெளிகளைப் பட்டி வைத்து அடைத்து, வர்ணம் பூசி முடிக்க வேண்டும். அப்படி அவன் ஒட்டி முடித்திருந்த, ஐந்து இறக்கையுள்ள பெரிய ஹெலிகாப்டர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, "ரொம்ப லட்சணமா இருக்குது, கண்ணு" என்றேன்.

"லட்சணமாத்தான் இருக்குதுங் மாமா. ஆனா இது சூலூர்ல இருக்கறது இல்லீங். வால் விசிறி பக்கம் மாறி நிக்குதுங்" என்றான் அவன்.

அந்த ஒரு வார்த்தையின் பொருளை விளக்குவதற்கு அவனுக்கு அன்று மாலைவரை பிடித்தது. அவன் சொன்னதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. இத்தகைய உருவங்களில் மிகப் பரவலானது 72-இல் ஒரு பங்கு என்ற விகிதம். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்றால், ஆங்கில அளவையிலிருந்து வந்தது. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலமாகையால், ஆறடி உயரமுள்ள மனிதன் இந்த விகிதத்தில் சரியாக ஓர் அங்குலமாகிவிடுகிறான். 1930-களில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஸ்கைபேர்ட்ஸ் என்னும் மர விமான உருவங்கள் இதைக் கையாண்டன. பின்னர் ஏர்ஃபிக்ஸ் முதலிய பிளாஸ்டிக் நிறுவனங்களால் இது உலகெங்கும் நிலைபெற்றது. விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கலைக்கு உயிர் காக்கும் பணியும் ஒருகாலத்தில் இருந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, நாட்டின் பள்ளி மாணவர்களை இதே விகிதத்தில் 5,00,000 மர விமானங்கள் செய்து தருமாறு கேட்டுக்கொண்டது. முப்பத்தைந்து அடி தூரத்தில் அந்தப் பொம்மையைப் பிடித்தால், ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் உண்மை விமானம் தோன்றுவதுபோலத் தோன்றும். வருவது நம்முடையதா, பகைவனுடையதா என்று சிப்பாய்களின் கண்ணைப் பழக்குவதற்கு அதுவே சாதனமாயிற்று. உருவம் பிசகினால் சுடக்கூடாததைச் சுட்டுவிட நேரும்.

விகிதத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வகுத்தல் கணக்குத்தானே என்று நான் எண்ணினேன். எம்.ஐ.-17 என்னும் ருஷ்ய ஹெலிகாப்டரின் மேல் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 21.29 மீட்டர், அதை 72-ஆல் வகுத்தால் 29.6 சென்டிமீட்டர், அதாவது நம் அடிக்கோலுக்குச் சற்றே குறைவு. இவ்வளவும் சரிதான். ஆனால் உடலின் தகடுகள் சேருமிடத்தில் உள்ள கோட்டைப் பிளாஸ்டிக்கில் 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறினாலும், நிஜத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள வாய்க்காலாகிவிடுகிறது. விமானியின் முன்னிருக்கும் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிஜத்தில் அது ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சுவராகிறது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் அச்சில் பிளாஸ்டிக் ஓடாது. ஓடினாலும் கை பட்டவுடன் முறிந்துபோகும். ஆகவே எதை அளவுப்படி வைப்பது, எதைச் சற்றுத் தடிப்பாக விடுவது என்று தீர்மானிக்கும் விவேகம் அச்சு செய்கிறவனுக்கு வேண்டும்.

இதை மருமகன் தன் தொழிலைக்கொண்டே எனக்கு விளக்கினான். தகப்பனின் பனியனைச் சுருக்கினால் குழந்தையின் பனியன் வந்துவிடாது. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரிதாகையால், கழுத்தைச் சரி விகிதத்தில் சுருக்கினால் தலை நுழையாது. ஒவ்வொரு சைஸுக்கும் எந்தப் பாகம் எவ்வளவு கூட வேண்டும், குறைய வேண்டும் என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. அதற்குக் கிரேடிங் என்று பெயர்; அளவில் பொறுத்துக்கொள்ளும் சிறு வித்தியாசத்துக்கு டாலரன்ஸ் என்று பெயர். நம் ஸ்தபதிகளின் முறையோ இதற்கு நேர் எதிரானது. விக்கிரகம் சிறிதோ பெரிதோ, அதன் உயரத்தையே 124 பாகங்களாக்கி, முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று பங்கிடும் உத்தம தச தாலம் என்ற பிரமாணத்தில், விகிதம் மாத்திரம் மாறாமல் நிற்கிறது.

ஆனால் விகிதம் முழுவதும் சரியாயிருந்தும் ஓர் உருவம் பொய்யாகிவிடக்கூடும். 1986-இல் டெஸ்டர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், ராடாருக்குப் புலப்படாத ரகசியப் போர் விமானம் என்று எஃப்-19 என்ற பெயரில் ஒரு பெட்டியை வெளியிட்டது. அப்படி ஒரு விமானம் இருப்பதாக உலகமெல்லாம் வதந்தி; கண்டவர் எவருமில்லை. வழவழப்பான வளைவுகளோடு அழகாக அமைந்த அந்தப் பொம்மை ஏராளமாக விற்பனையாயிற்று. 1988 நவம்பரில் அமெரிக்க அரசு உண்மை விமானத்தின் படத்தை வெளியிட்டபோது, அதன் பெயர் எஃப்-117 என்றும், அதன் உடல் பட்டை தீட்டிய கல்லைப்போல முழுக்க முழுக்கச் சப்பைத் தளங்களால் ஆனது என்றும் தெரியவந்தது. பொம்மையில் அளவுப் பிழை என்று சொல்ல எதுவுமில்லை. ஏனெனில் அளப்பதற்கு மூலமே இல்லை.

இனி வால் விசிறிக்கு வருவோம். மேலே பெரிய இறக்கைகள் ஒரு திசையில் சுழலும்போது ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் திரும்ப முயலுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவதற்காகவே வாலின் நுனியில் ஒரு சிறு விசிறி இருக்கிறது. நம் விமானப் படையில் 1972 முதல் 2017 டிசம்பர் வரை பணியாற்றி, பெங்களூரை அடுத்த எலகங்காவில் விடைபெற்ற எம்.ஐ.-8 ஹெலிகாப்டருக்கு அந்த விசிறி வலப்பக்கம் இருந்தது. அதிலிருந்து வளர்ந்த எம்.ஐ.-17 ஹெலிகாப்டரில், வலுவான புதிய எஞ்சின்களைப் பொருத்தியபோது, விசிறியை இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். மற்றபடி இரண்டும் உடன்பிறந்தவைபோல இருப்பதால், தூரத்தில் நின்று இனங்காண விரும்புகிறவன் முதலில் வாலைத்தான் பார்க்கிறான். மருமகன் நண்பன் ஒருவனிடமிருந்து வாங்கியிருந்த பழைய பெட்டி எம்.ஐ.-8 உடையது; அவன் செய்ய விரும்பியதோ சூலூர் விமானப் படைத் தளத்தின் எம்.ஐ.-17 வி-5.

சூலூர் ஹெலிகாப்டரைக் கொங்கு நாட்டார் எளிதில் மறக்கமாட்டார்கள். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினான்கு பேரோடு வெலிங்டனை நோக்கிச் சூலூரிலிருந்து புறப்பட்டு, குன்னூரருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து நொறுங்கியது அங்குள்ள 109-ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் எம்.ஐ.-17 வி-5. அதை உருவாக்கிப் பார்க்க நினைக்கும் இளைஞனுக்கு விசிறியை மாற்றுவது ஆரம்பம் மாத்திரமே. ஹாபிபாஸ், டிரம்பீட்டர், ஸ்வெஸ்டா முதலிய நிறுவனங்களின் பெட்டிகளில் எம்.ஐ.-17 கிடைக்கிறதென்றாலும், பழைய வகையின் மூக்கு கண்ணாடி பதித்த உருண்டை, பின்புறம் சிப்பியைப்போல இரண்டாகத் திறக்கும் கதவுகள். வி-5 வகைக்கோ டால்ஃபினைப்போல நீண்ட தகட்டு மூக்கு, பின்புறம் தரைக்கு இறங்கும் சாய்தளம். பெட்டியின்மேல் எம்.ஐ.-17 என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஒட்டி, நம் மூவர்ண வட்டத்தைப் பதித்துவிட்டால், வி-5 அல்லாத வேறொரு ஹெலிகாப்டர் அலமாரியில் வந்து உட்கார்ந்துவிடும்.

சில சமயங்களில் செம்மையே பிழையாகிறது. நம் விமானப் படையின் எம்.ஐ.-25, எம்.ஐ.-35 ஆகியவற்றுக்கு மூலமான எம்.ஐ.-24 தாக்குதல் ஹெலிகாப்டரில், மேல் இறக்கைகளைத் தாங்கும் தண்டு உடலிலிருந்து வலப்புறம் இரண்டரைப் பாகை சாய்ந்திருக்கிறது. தரையில் நிற்கும்போது இறக்கைகள் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சக்கரங்களையும் அதற்கேற்பச் சாய்த்திருக்கிறார்கள். ஆகவே உடல் சற்று இடப்புறம் சாய்ந்தே நிற்கிறது. இருபுறமும் ஒத்திருப்பதே முறை என்று எண்ணி நேராக ஒட்டுகிறவன், நேர்த்தியான கையினாலேயே தவறு செய்கிறான்.

நம் மண்ணோடு நெருங்கிய உறவுடைய இன்னொன்று சீட்டா. இமயமலையின் மெல்லிய காற்றில் பறக்கத்தக்கதொரு ஹெலிகாப்டர் வேண்டுமென்று இந்தியா கேட்டதன் விளைவாகப் பிறந்தது பிரெஞ்சு நாட்டு லாமா. முன்னமே இருந்த அலூவெட் இரண்டின் உடலை வலுவாக்கி, அலூவெட் மூன்றின் எஞ்சினையும் இறக்கைகளையும் அதில் பொருத்தினார்கள். 1972 ஜூன் 21-ஆம் தேதி ழான் பூலே என்பவர் அதில் 12,442 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தார். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் அலூவெட் மூன்றைச் சேத்தக் என்றும், லாமாவைச் சீட்டா என்றும் பெயரிட்டுத் தயாரித்தது. இந்த வரலாற்றை அறிந்தவன், இரண்டு அலூவெட் பெட்டிகளை வாங்கி ஒன்றோடொன்று கலந்தே சீட்டாவை அமைத்துக்கொள்ள முற்படலாம். பிரெஞ்சுப் பொறியாளர்கள் செய்ததையே திண்ணையில் அமர்ந்து சிறு அளவில் செய்வதாக அது அமையும். அப்பொழுதும் அதன் திறந்த கம்பி வேலைப்பாடுள்ள வால் அவனைச் சோதிக்கும். அச்சுப் பிளாஸ்டிக்கில் அந்தக் கம்பிகள் மரக்கிளைபோலத் தடித்துவிடுவதால், பொறுமைசாலிகள் மெல்லிய பித்தளைக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து அதைக் கட்டிக்கொள்ளுகிறார்கள்.

வர்ணத்திலும் இதே நுட்பம் உண்டு. உண்மை ஹெலிகாப்டரின் வர்ணத்தையே கொண்டுவந்து பொம்மையில் பூசினால் அது கறுத்துத் தோன்றும். தூரத்திலுள்ள பொருளை இடையிலிருக்கும் காற்று சற்று வெளுக்கச் செய்கிறது; கையளவு உருவத்தைப் பார்க்கும் கண்ணோ, தூரத்துக் காட்சியையே அதில் எதிர்பார்க்கிறது. ஆகையால் ஒரு சொட்டு வெள்ளை கலந்து பூசுவதே உண்மைக்கு நெருக்கம் என்பது பலருடைய அனுபவம். ஷேடு கார்டை வெயிலிலும் விளக்கடியிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்க்கிற திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

மறுபடி நான் மூலனூர் போனபோது ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் மூன்று இறக்கைகளோடு ஓயாமல் சுழன்றன. திண்ணையில் அந்த ஹெலிகாப்டர் உருமாறி நின்றது. வாலின் மூன்று இறக்கை விசிறி இடப்பக்கம் வந்திருந்தது. பட்டியை அடுக்கடுக்காக வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மூக்கை நீட்டியிருந்தான். மேலே உள்ள ஐந்து இறக்கைகளும் முன்னைப்போல விறைத்து நீட்டிக்கொண்டிராமல், நுனியில் சற்றே தாழ்ந்து தொங்கின. ஓய்ந்து நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் பாரத்தாலேயே அப்படித் தொங்கும் என்றும், வெந்நீரில் முக்கி வளைத்ததாகவும் சொன்னான். பறக்கிறதை அல்லாமல், ஒரு குறிப்பிட்ட தளத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில் இறங்கி நிற்கிறதை அவன் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. பருத்திக் குவியலுக்குள் கை விட்டுப் பார்க்கும் வியாபாரி நினைவுக்கு வந்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. கற்ற வித்தையைக் காட்ட எண்ணி, முன் கண்ணாடியை விரலால் தொட்டு, "இது நெசத்துல ஏழு சென்டிமீட்டர் சுவராச்சே, கண்ணு?" என்று கேட்டேன்.

அவன் தலை நிமிராமல் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "தெரியுமுங் மாமா. அதுக்கு மட்டும் டாலரன்ஸ் குடுத்துட்டேனுங்" என்றான்.