காசோலையும் கணிப்பொறியும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், பிறருக்குக் கொடுக்கும் பணத்திற்கு எத்துணை அளவு வேண்டும்! ஆயினும் கணக்குப் பாடத்தில் நாம் காட்டும் கவனத்தைச் சொந்தக் கணக்கில் காட்டுகிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்நகரில் பயிலும் தமிழ் மாணவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாகர்கோவிலிலோ தென்காசியிலோ பள்ளி நாளில் தொடங்கிய கணக்கு ஒன்று; உதவித்தொகைக்காகத் திருவனந்தபுரத்தில் தொடங்கியது ஒன்று; தந்தையாரோடு கூட்டாக வைத்திருப்பது மற்றொன்று. தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் கைப்பேசியே பணம் கொடுத்துவிடுகிறது. எனினும் வாடகை முன்பணம், கட்டணம் போன்றவற்றுக்குக் காசோலை கேட்போர் இன்றும் உளர். அவ்வாறு எழுதிக் கொடுத்த காசோலைகளை யார் நினைவில் வைத்திருப்பது? இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் வகையையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதலில் தரவுத்தளம் என்பது யாது? செய்திகளை ஒழுங்குபட்ட அட்டவணைகளாகப் பிரித்துவைத்து, வேண்டும்போது அவற்றை இணைத்து விடை பெறும் ஏற்பாடே அது. இம்முறைக்குக் கணித அடிப்படை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர். அவர்தம் கட்டுரை 1970இல் வெளிவந்தது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக் காட்டு என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய நெறி. பெரிய நிறுவனங்களுக்கே உரியதாயிருந்த இந்த ஏற்பாடு இன்று எவர்க்கும் எளிது. ரிச்சர்ட் ஹிப் என்பார் 2000இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடுகிறது.

நமக்கு நான்கு அட்டவணைகள் போதும். ஒன்று, கணக்குகள். இரண்டு, பணம் பெறுவோர். மூன்று, வரவு செலவுகள். நான்கு, காசோலைத் தாள்கள். காசோலை ஒவ்வொன்றுக்கும் ஆறிலக்க எண் உண்டு. புத்தகம் கைக்கு வந்த அன்றே எல்லா எண்களையும் பதிந்துவிட வேண்டும். பின்னர் ஒவ்வொரு தாளின் நிலையும் குறிக்கப்படும்: எழுதப்படாதது, கொடுக்கப்பட்டது, பணமாகியது, திரும்பியது, ரத்து செய்யப்பட்டது. இவ்வைந்தில் ஒன்றிலும் சேராத தாள் காணாமற்போன தாள். உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டியது.

வரவு செலவு அட்டவணையில் 'இருப்பு' என்றொரு பத்தி வைக்கத் தோன்றும். வைக்கலாகாது. இருப்பு என்பது எழுதிவைக்கும் செய்தியன்று. கூட்டிக் கழித்துப் பெறும் விடை. எழுதிவைத்தால், நடுவே ஒரு பதிவைத் திருத்தியதும் அதற்குக் கீழுள்ள இருப்பெல்லாம் பொய்யாகிவிடும். கேட்கும்போதெல்லாம் கணக்கிட்டுச் சொல்வது பொறிக்கு நொடிப்பொழுது வேலை.

அன்றியும், இருப்பு ஒன்றன்று, இரண்டு. வங்கி சொல்லும் இருப்பு ஒன்று. நம் கையிருப்பு மற்றொன்று. ஓர் எடுத்துக்காட்டு: வங்கிக் கணக்கில் 14,000 ரூபாய் உள்ளது. வீட்டுக்காரருக்கு 9,000 ரூபாய்க்கும், உணவு விடுதிக்கு 3,200 ரூபாய்க்கும் காசோலை கொடுத்தாயிற்று. இரண்டும் இன்னும் வங்கிக்கு வரவில்லை. கைப்பேசியைத் திறந்தால் அது 14,000 என்றே காட்டும். அதில் நமக்கு உரியது 1,800 மட்டுமே. 14,000ஐ நம்பி 2,500 ரூபாய்க்கு இன்னொரு காசோலை எழுதினால், மூன்றில் ஒன்று திரும்பியே தீரும். வணிகவியல் நண்பர்கள் இதனை வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்பர். வங்கி இருப்பினின்று, கொடுத்தும் பணமாகாத காசோலைகளைக் கழித்து, செலுத்தியும் வரவாகாத தொகையைக் கூட்டினால் நம் ஏட்டின் இருப்போடு ஒத்து வர வேண்டும். ஒத்து வராவிடில், விடுபட்ட பதிவு எங்கோ உண்டு. நாம் அமைக்கும் தரவுத்தளத்தின் உயிர்நிலை இவ்வொரு கேள்வியே: "கொடுத்தும் பணமாகாதவை எவை?"

காசோலை திரும்பினால் என்ன கேடு? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. கொடுக்க வேண்டிய கடனுக்காகத் தந்த காசோலை பணம் போதாமல் திரும்பினால், பெற்றவர் 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பலாம். அறிவிப்புக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடாவிடில் அது குற்றம். ஈராண்டு வரை சிறையோ, தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். படிப்பு முடித்து வேலை தேடப் போகும் ஒருவர்க்கு இவ்வழக்கு வேண்டுமா?

"காசோலை மாற இரண்டு நாளாகும், அதற்குள் பணம் போட்டுவிடலாம்" என்று கருதுவோர் உளர். அந்தக் காலம் போயிற்று. 2008 பிப்ரவரி 1இல் தில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை தொடங்கியது. தாள் பயணம் செய்வது நின்றது. 2025 அக்டோபர் 4 முதலோ, செலுத்தப்படும் காசோலைகளின் படங்கள் உடனுக்குடன் அனுப்பப்படுகின்றன. அன்றே வங்கி விடை சொல்ல வேண்டும். காலையில் நாம் கொடுத்த காசோலை மாலைக்குள் பணமாகிவிடலாம், திரும்பியும் விடலாம். ஆகவே, எழுதுவதற்கு முன்பே இருப்பை அறிதல் இன்றியமையாதது. இதற்கு எதிர்ப்புறமும் ஒன்றுண்டு: 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதமே. அதனைக் கடந்தும் வராத தாளைப் பொறி நமக்கு நினைவூட்ட வேண்டும்.

கணக்குகளின் அட்டவணையை அமைப்பதில் இந்நகரமே நமக்கு ஒரு பாடம் தருகிறது. 1945இல் தொடங்கிய திருவிதாங்கூர் வங்கி, 1960இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் ஆயிற்று. குமரி மாவட்டத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. நம்மில் பலர் வீட்டில் அதன் பழைய புத்தகங்கள் இன்றும் இருக்கக் கூடும். 2017 ஏப்ரல் 1இல் அவ்வங்கி பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. எஸ்.பி.டி.ஆர். என்று தொடங்கிய கிளைக் குறியீடுகள் போய், எஸ்.பி.ஐ.என். என்று தொடங்குவன வந்தன. பழைய காசோலைகள் அவ்வாண்டு டிசம்பர் 31 வரையே செல்லும் என்றாயிற்று. வங்கியின் பெயரையும் குறியீட்டையும் ஒவ்வொரு வரவு செலவிலும் எழுதிவைத்தவர் ஆயிரம் வரிகளைத் திருத்த வேண்டும். கணக்குகளின் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அதன் வரிசை எண்ணைச் சுட்டியவர்க்கோ ஒரு வரியைத் திருத்தினால் போதும். காட் சொன்ன நெறியின் பயன் இதுவே.

இன்னொரு நுட்பம் அறிவியல் மாணவர்க்கு உவப்பாயிருக்கும். தொகையைத் தசமப் புள்ளியோடு பதியாமல் பைசாவில் முழு எண்ணாகப் பதிக. கணிப்பொறி இரண்டின் மடிகளால் எண்ணுவது. மூன்றில் ஒன்று நம் தசமத்தில் முடிவின்றி நீள்வதுபோல், பத்தில் ஒன்று அதன் இரும எண்ணில் முடிவின்றி நீளும். ஓரிடத்தில் அது வெட்டியே தீர வேண்டும். பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் கூட்டி, முப்பதுதானா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் பொறியும் உண்டு! பைசாவில் எண்ணினால் இத்தொல்லை இல்லை.

இனி அச்சிடுதல். அமெரிக்காவில் வெற்றுத் தாளில் காசோலையையே முழுதும் அச்சிட்டுக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. நம் நாட்டு வழக்கம் வேறு. நீர்க்குறியும் பிற காப்புகளும் கொண்ட தாளை வங்கியே தருகிறது; நாம் அச்சிடுவது தேதி, பெயர், தொகை ஆகியவை மட்டுமே. தாளின் அளவு 202 மில்லிமீட்டர் நீளம், 92 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொரு சொல்லும் இடப்புறத்திலிருந்தும் மேற்புறத்திலிருந்தும் எத்தனை மில்லிமீட்டரில் விழ வேண்டும் என்று அளந்து, வங்கிவாரியாக ஒரு சிற்றட்டவணையில் வைத்துக்கொண்டால், ஒரே நிரல் எல்லா வங்கிக்கும் பயன்படும். அடியிலுள்ள வெண்பட்டையில் காந்த மையால் எண்கள் உள்ளன. அவற்றுள் ஒன்பதிலக்கக் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்கள் ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். அங்கே ஒரு புள்ளியும் விழலாகாது. பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்திய காசோலை இம்முறையில் செல்லாது. ஆதலால் முதலில் வெற்றுத் தாளில் அச்சிட்டு, காசோலையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நலம்.

தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் நம் மொழிக்கு வேலை வருகிறது. இந்தி, ஆங்கிலம், அந்தந்த வட்டார மொழி ஆகியவற்றில் வாடிக்கையாளர் காசோலை எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. தமிழ்நாட்டுக் கிளைக் கணக்கிற்குத் தமிழில் அச்சிட நிரல் எழுதுவோர், ஒவ்வோர் எண்ணுப்பெயர்க்கும் இரு வடிவம் வைக்க வேண்டும்: முடிவில் நிற்பது ஒன்று, தொடர்ந்து செல்வது ஒன்று. நூறு, நூற்று, ஆயிரம், ஆயிரத்து, இருபது, இருபத்து. ஒன்பதிலோ பொறி தடுமாறும். எண்பதை அடுத்து வருவது 'ஒன்பது' என்னும் சொல்லோடு பத்து சேர்ந்ததாகத் தோன்றாமல் தொண்ணூறு என நிற்கிறது. எண்ணூறை அடுத்துத் தொள்ளாயிரம் வருகிறது. தொல்காப்பியரும் நன்னூலாரும் இவற்றுக்கெனத் தனி விதி வகுத்தனர். இன்று நிரலிலும் தனி வரி வைக்க வேண்டியிருக்கிறது! 1,99,900 என்பதை "ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும்" என்று பிழையின்றிச் சொல்லும் நிரல், தேர்வில் தேறியதாகக் கொள்ளலாம்.

எச்சரிக்கை சில. கடவுச்சொல்லையும் இரகசிய எண்ணையும் இக்கோப்பில் எழுதற்க. கையொப்பத்தைப் படமாக்கி அச்சிடற்க. கையொப்பம் கையால் இடுவதே. கோப்பின் படியொன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்க.

அன்பர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அட்டவணை எத்துணை அழகாயினும், காசோலையைக் கிழித்துக் கொடுக்குமுன் பதியும் பழக்கம் நமக்கு இல்லையேல் அது வெற்றேடே. இரண்டு மாலைப்பொழுது செலவிட்டால் இத்தரவுத்தளத்தை அமைத்துவிடலாம். பதிவுக்கு நாளொன்றுக்கு இரு நிமிடம் போதும். வீட்டார் அரும்பாடுபட்டு அனுப்பும் பணம் அளந்து செலவாகவும், நாம் கையொப்பமிட்ட தாள் ஒருநாளும் திரும்பாதிருக்கவும் அந்த இரு நிமிடத்தைக் கொடுப்போமாக.