ரோஜா மணம்: வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அங்கே பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிறது. நிறத்துக்கும் நீண்ட காம்புக்கும் வளர்க்கும் பூ அது. மண எண்ணெய்க்குப் பன்னீர் ரோஜா வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3 முதல் 4 டன் பூ பிடிக்கும். ஆகவே சில நூறு ரூபாய் 'ஃப்ரெஷ் ரோஸ்' ஸ்பிரேயில் இருப்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் தயாரான மணம். அதில் குற்றமில்லை. அசல் ரோஜா எண்ணெய் என்று சொல்லி அதை விற்பதுதான் ஏமாற்று.

அசலானாலும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ரோஜா எண்ணெயில் இயல்பாகவே உள்ள ஜெரானியால், சிட்ரோனெல்லால் இரண்டும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். முழங்கையின் உட்பக்கம் துளி தடவி இரண்டு நாள் பொறுங்கள்.

ஏப்ரல் வெயிலில் ஆல்கஹால் ஸ்பிரே சீக்கிரம் பறந்துவிடும். மறுபடி மறுபடி அடிக்கத் தோன்றும். ஏசி போட்ட கம்பெனி கேபில் அது பக்கத்தில் இருப்பவரின் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடலாம். அலுவலகத்துக்கு ஒரு முறை லேசாக அடித்தால் போதும். டிசம்பர் குளிருக்கு ஆல்கஹால் இல்லாத அத்தர் நல்லது, துளியே நெடுநேரம் நிற்கும். அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் நகரின் வாசனைப் பொருளுக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மலிவான அத்தர்களில் அடித்தளமான சந்தன எண்ணெய்க்குப் பதில் பாரஃபின் எண்ணெய் சேர்ப்பதுண்டு. கல்யாணத்துக்குப் பட்டின்மேல் அத்தர் தடவினால் எண்ணெய்க் கறை விழும். பண்டிகை நாளில் ஸ்பிரே அடித்த கையோடு விளக்கேற்றவே கூடாது, ஆல்கஹால் தீப்பிடிக்கும்.

பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள், எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். 60 மில்லிக்குக் குறைந்த பாட்டிலில் மூலப்பொருள் பட்டியல் கட்டாயமில்லை என்கிறது விதி. இது எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வாமை உள்ளவர் அதிகம் வாங்கிப் பார்ப்பதே சின்ன பாட்டிலைத்தான்.

ஆன்லைனில் வாங்கியது போலியாக இருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அங்கே பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் பெங்களூரிலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில், பெட்டி, மிச்சமுள்ள பாட்டில், தடிப்பு வந்திருந்தால் டாக்டர் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.