கணுக்காலில் தேங்கிய நீர் நள்ளிரவில் எழுப்பும்

தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையிலும் துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் காலையில் கவுன்டருக்குப் பின்னால் நின்றால் இரவுவரை கால் ஓய்வது அபூர்வம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே இருக்கும். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் சின்னக் குழி விழுந்து மெதுவாக மேலே எழும்பும். அசதியில் படுத்துத் தூங்கிப்போவார்கள். ஒரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை பாத்ரூம். சுகர் டெஸ்ட் நார்மல் என்று வந்தபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

விடை பெரும்பாலும் அந்தக் குழியில்தான் இருக்கிறது. நாள் முழுக்க நிற்கும்போது கீழே இறங்கிக் காலில் தேங்கும் நீர், படுத்தவுடன் ரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்புகிறது. சிறுநீர்ப்பையில் கோளாறு எதுவும் இல்லாமலே பை நிரம்பிவிடுகிறது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே அதைச் செய்திருந்தது. நாற்காலி என்றால் வசதி என்று நினைக்கிறோம். அது தூக்கத்தையும் காப்பாற்றும் பொருள்.

இரவில் ஒருமுறை எழுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தடவையோ அதற்கு மேலோ போய், தூக்கம் கெட்டு, மறுநாள் உடம்பு அசந்தால் கவனிக்க வேண்டும். இளம் வயதில், இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் ஒன்று கூடுதலாகச் சுரக்கும். வயதாக ஆக அந்தச் சுரப்பு குறைகிறது. அதனால்தான் அறுபதைத் தாண்டிய பலருக்கு இந்தத் தொல்லை. ஆண்கள் உடனே பிராஸ்டேட்டைச் சந்தேகிக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் ஒரே காரணம் இல்லை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறு இருந்தால், இதயத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டிவிடும். ராத்திரி எழுந்து போகிறவர் மருத்துவரிடம் தன் குறட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

எது காரணம் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை, ஒரு நோட்டு, மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் மணி, அளவு இரண்டையும் குறிக்க வேண்டும்; குடித்ததையும் எழுத வேண்டும். ‘இரவு 1.10 - 350 மி.லி.; 3.40 - 300 மி.லி.’ என்று வந்தால் உடம்பு இரவில் அதிகமாக நீரை உண்டாக்குகிறது. வயதானவர்களுக்கு, காலையில் எழுந்ததும் போவதையும் சேர்த்து, ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் அதே முடிவுதான். ஒவ்வொரு முறையும் 80, 100 என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் பையோ பிராஸ்டேட்டோ காரணமாக இருக்கலாம். பகல், இரவு இரண்டிலும் லிட்டர் கணக்கில் போனால் முதலில் சுகர் பார்க்க வேண்டும். சிறுநீரைக் கவனித்து நோயை அறிவது நம் ஊருக்குப் புதிதல்ல. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்றும் படிக்கப்படும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் சித்தர் தேரையர் பெயரில் வழங்குபவை.

சுகரை ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்கி, கூடவே நீரையும் இழுத்துக்கொண்டு போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மாத்திரைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க அலைய வேண்டியதுதான். தானாக நிறுத்தக் கூடாது. வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

உப்பைப் பற்றி ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழகத்தினர் 2017-ல் சொன்னது மறக்கக் கூடாதது. தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆக இறங்கியது. ராத்திரி சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டுப் பார்ப்பது சுலபமான முதல் படி. மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால், தேங்கிய நீர் தூங்கும் முன்பே வெளியேறிவிடும். இதய நோயாளிகள் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

தண்ணீர் விஷயத்தில்தான் மனசு வலிக்கிறது. சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று பகல் முழுக்கத் தொண்டை காயக் கிடந்து, மின்சார ரயிலில் வீடு திரும்பிய பிறகு ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடிக்கும் பெண்கள் எத்தனை பேர். ராத்திரித் தொல்லை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பகலில் குடிக்கவும் போகவும் வழி இருந்தால் மாத்திரையே வேண்டியிருக்காது. கடையிலும் ஸ்டேஷனிலும் கழிப்பறை கேட்பது அவர்களுடைய உரிமை.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை விளக்கு எரியட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இரவுச் சிறுநீரைக் குறைக்க டெஸ்மோபிரசின் தந்தால் ரத்தத்தில் சோடியம் அளவைச் சோதிக்கச் சொல்வார்கள்; அதைத் தவறவிடக் கூடாது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், அடிவயிறு உப்பியும் நீர் வராமல் நிற்பது, கால் வீக்கத்தோடு படுத்தால் மூச்சுத் திணறுவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று நாள் நோட்டு எழுதிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.