இருபது டாலர் நாய்!

1803-ம் ஆண்டு. மேற்கே பசிபிக் சமுத்திரம் வரை வழி கண்டு வரும்படி அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன், மெரிவெதர் லூயிஸ் என்பவரை அனுப்பினார். பிரயாணத்துக்காக லூயிஸ் ஒரு நாய் வாங்கினார். விலை 20 டாலர். பெயர் "சீமன்". கப்பலோட்டி என்று அர்த்தம்!

ஓகையோ ஆற்றில் படகு போனபோது, அணில்கள் கூட்டமாக ஆற்றை நீந்திக் கடந்தன. சீமன் தண்ணீரில் பாய்ந்து அவற்றைக் கவ்வி வந்தது. லூயிஸ் பொரித்துச் சாப்பிட்டார்.

விலை பேசினார்

வழியில் சந்தித்த ஷானி இனத்தவர் ஒருவருக்கு நாயின் மீது ஆசை வந்துவிட்டது. அதற்கு 3 பீவர் தோல் தருவதாகச் சொன்னார். லூயிஸ் மறுத்துவிட்டார்.

1805 மே 19-ந்தேதி, குண்டடிபட்ட பீவர் ஒன்றைப் பிடிக்க சீமன் ஆற்றில் குதித்தது. அந்தப் பிராணி அதன் பின்னங்காலைக் கடித்துவிட்டது. ரத்தம் பீறிட்டது. நாய் பிழைக்காது என்றே லூயிஸ் பயந்தார். ஆனால் பிழைத்தது!

நள்ளிரவில்...

பத்தாம் நாள் இரவு. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காட்டெருமை ஒன்று ஆற்றை நீந்திக் கடந்து, படகின் மேல் ஏறி, முகாமுக்குள் புகுந்தது. படுத்திருந்தவர்களின் தலைமாட்டில் ஓடியது. அடுத்து கூடாரம்! வழித்துணையாக வந்த ஷோஷோனி இனப் பெண் சக்காஜவியாவும், அவளது கைக்குழந்தையும், தலைவர்களும் தங்குகிற கூடாரம் அது.

சீமன் குரைத்துக்கொண்டு எதிரே பாய்ந்தது. எருமை திரும்பி ஓடிற்று. ஒருவருக்கும் காயம் இல்லை.

1806 ஏப்ரலில் சிலர் நாயைத் திருடிச் சென்றார்கள். லூயிஸ் மூன்று பேரை அனுப்பி மீட்டார். இருபது டாலர் நாயை, எந்த விலைக்கும் விட அவருக்கு மனம் இல்லை!